புளூகிராஸ் குழுவில் என் வயலின்

வேலைக்காக நார்த் கரோலினாவுக்கு வந்து ராலே பக்கம் குடியேறியவன் நான். வியாழக்கிழமை மாலையானால் எங்கள் பாஞ்சோக்காரர் வீட்டு முன்தாழ்வாரத்தில் ஐந்து பேர் புளூகிராஸ் வாசிக்கக் கூடிவிடுவோம். அமெரிக்காவின் தெற்கில் உருவான, தந்தி வாத்தியங்களால் வாசிக்கும் கிராமிய இசை அது. பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடலுள்ள தந்தி வாத்தியம்), மாண்டலின், கிட்டார், டபுள் பாஸ் (நின்று வாசிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியம்), என் வயலின். எங்களில் யாருக்கும் இசை தொழில் இல்லை. சனிக்கிழமை உழவர் சந்தை, முதியோர் இல்லம், தேவாலய விருந்து, நண்பர்கள் வீட்டுக் கல்யாணம் ஆகியவைதான் எங்கள் மேடைகள்.

கர்நாடக சங்கீதம் கற்ற தமிழர்கள் சிலர், "இதை வைத்துக்கொண்டு புளூகிராஸ் வாசிக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். முடியும். ஆனால் நீங்கள் முன்பு கற்ற இசை சில இடங்களில் கைகொடுக்கும், சில இடங்களில் காலை வாரும். எந்த இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நிறைய நாள் மிச்சமாகும். எனக்கு மட்டுமல்ல, எங்கள் குழுவில் ஐந்து பேருக்குமே இதுதான் நடந்தது. அதனால் ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. இந்த இசைக்கு உருக்கொடுத்தவர் பில் மன்றோ. கென்டக்கி மாநிலத்தில் ரோசீன் என்ற சிற்றூருக்கு அருகே 1911-ல் பிறந்தவர். 1939-ல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் தன் குழுவோடு சேர்ந்தார். குழுவின் பெயர் புளூ கிராஸ் பாய்ஸ். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் தன் பாஞ்சோவோடு அதில் வந்து சேர்ந்த பிறகுதான் இன்று நாம் புளூகிராஸ் என்று கேட்கும் ஒலி முழுமையானது. மன்றோவின் காதில் அதற்கு முன்பே பல இசைகள் கலந்திருந்தன. தாய்மாமா பெண்டில்டன் வாண்டிவர் வாசித்த பழைய நடன மெட்டுகள், ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் புளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகை) கிட்டார், தேவாலயப் பாட்டு. இந்த இசை பிறந்ததே வெவ்வேறு பின்னணிகள் ஒன்றோடொன்று உரசியதால்தான். அதனால் எங்கள் ஐந்து பேரின் பின்னணி ஒத்துப்போகாதது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

எங்கள் பாஞ்சோக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஷெல்பி ஊர்ப்பக்கம் வளர்ந்தவர், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிறந்த அதே கிளீவ்லாந்து கவுண்டி. அவர் குடும்பத்தில் இரண்டு தலைமுறை பஞ்சு மில் வேலை. ஸ்க்ரக்ஸும் போர்க்காலத்தில் ஷெல்பியில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர்தான். கோவையில் வளர்ந்த எனக்கு மில் குடியிருப்பு, ஷிஃப்டு சங்கு என்று அவர் பேசினால் தனியாக விளக்கம் வேண்டியிருக்காது. முதல் சில வாரங்களில் நாங்கள் வாசித்ததைவிட மில் கதை பேசியது அதிகம்.

அவர் எழுதி வைத்த எதையும் பார்த்து வாசித்ததில்லை. பெரியப்பா வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர். மூன்று விரலால் மீட்டும் பாணி அந்த வட்டாரத்தில் ஸ்க்ரக்ஸுக்கு முன்பே இருந்தது. ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் வானொலியில் வாசித்தார்கள். அதைக் கூர்தீட்டி வேகமும் ஒழுங்கும் கொடுத்தவர் ஸ்க்ரக்ஸ். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நகம் போன்ற பிக்குகளை மாட்டிக்கொண்டு, இடைவெளி இல்லாமல் எட்டெட்டு ஸ்வரமாக உருட்டிக்கொண்டே போவது. இதற்கு ரோல் என்று பெயர்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டால் எங்கள் பாஞ்சோக்காரருக்குச் சொல்லத் தெரியாது. வாசித்துத்தான் காட்டுவார். மெதுவாக வாசித்துக் காட்டுங்கள் என்றால் கை நின்றுவிடும். ஃபோனில் பதிவு செய்து, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் ஆப் ஒன்றில் போட்டுக் கேட்டேன். எட்டு ஸ்வரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கிறார். தகிட தகிட தக. அடியில் இரண்டிரண்டாகத் தாளம் போகிறது, மேலே மூன்று மூன்றாக விரல் போகிறது, கடைசி இரண்டில் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறது. மிருதங்கத்தோடு வளர்ந்த காதுக்கு இது பழகிய கணக்கு. அன்றிலிருந்து அவர் ரோல் ஓடும்போது நான் எங்கே நுழைவது என்ற சந்தேகம் வரவில்லை. சொற்கட்டு தெரிந்தவர்கள் பாஞ்சோவைக் கேட்டால் முதலில் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். குறியீட்டுத் தாளைவிட அது சீக்கிரம் புரியும்.

பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. கழுத்தின் பாதி வழியில், ஐந்தாவது மெட்டுக்கு (ஃப்ரெட்) பக்கத்தில் ஒரு தனிப் பிருடையில் தொடங்கும். அதைப் பெரும்பாலும் அழுத்தி வாசிப்பதில்லை. கட்டைவிரல் தொடும்போதெல்லாம் ஒரே ஸ்வரம் மேலே ஒலித்துக்கொண்டிருக்கும். எனக்கு அது தம்புரா. குழுவோடு வாசிக்கும்போது சுருதி சந்தேகம் வந்தால் அந்தத் தந்தியைத்தான் காது தேடும்.

இந்தத் தந்தியால் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பாஞ்சோ வழக்கமாக ஜி கார்டில் (கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். ஏ-யில் பாடவேண்டுமானால் தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற கவ்வியை மாட்டுவார், ஐந்தாவது தந்தியைத் தனியாக ஏழாவது மெட்டில் ஒரு சின்ன ஆணியில் கொக்கி மாட்டி ஏற்றுவார். மாட்டியதும் சுருதி கலையும். திரும்பச் சேர்க்க வேண்டும். இதைப் பாட்டுக்குப் பாட்டு செய்தால் கேட்பவர்கள் எழுந்து தக்காளி வாங்கப் போய்விடுவார்கள். அதனால் பாட்டு வரிசை எழுதும்போதே ஜி பாட்டுகளை ஒரு கொத்தாகவும் ஏ பாட்டுகளை ஒரு கொத்தாகவும் வைத்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவில் பாஸ் வாசிப்பவர் பேசுவார், அவர் பேச்சு முடிவதற்குள் பாஞ்சோ தயார்.

கிட்டார்க்காரர் கல்லூரிக் காலத்தில் ராக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர், இப்போது ஏர் கண்டிஷனர் பொருத்தும் தொழில். எங்கள் பிரதான பாடகரும் அவர்தான். ராக்கில் கிட்டார் தலைவன். புளூகிராஸில் கிட்டாரின் முதல் வேலை தாளம்: கீழ்த்தந்தியில் ஒரு ஸ்வரம், மேலே ஒரு வீச்சு, மறுபடி கீழே, மறுபடி மேலே. அதையே பாட்டு முழுவதும் ஒரே சீராக வாசிக்க வேண்டும். அவர் கை சும்மா இருக்காது. காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு இடத்தையும் நிரப்பப் பார்க்கும், உற்சாகம் வந்தால் வேகமும் ஏறும். நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. ஒத்திகையைப் பதிவு செய்து முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். யாரும் யாரையும் குறை சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. இப்போதும் மாதத்தில் ஒரு ஒத்திகை தாளம் தட்டும் மெட்ரோனோமோடு.

பாடகருக்கு ஏற்ற சுருதி என்ற விஷயத்தில் கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம். பழைய பதிவு எந்தக் கீயில் (அதாவது சுருதியில்) இருக்கிறதோ அதில்தான் பாடவேண்டும் என்று நினைத்துத் தொண்டையைக் கிழித்துக்கொள்பவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். மன்றோ பி, பி ஃப்ளாட் போன்ற உயரங்களில் பாடியது அவர் குரலுக்கு அது பொருந்தியதால். எங்கள் பாடகருக்கு ஏ, அதாவது நம் கணக்கில் ஆறு கட்டை, நன்றாக நிற்கிறது. முதலில் குரல், பிறகு கீ, அதற்குப் பிறகே வாத்தியம்.

மாண்டலின் வாசிப்பவர் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பெண். சிறு வயதிலிருந்து பியானோ, அதுவும் முறையான மேற்கத்திய செவ்வியல். எந்தத் தாளைக் கொடுத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார். தாள் இல்லையென்றால் கை ஓடாது. தமிழ் வாசகர்களுக்கு மாண்டலின் என்றதும் யு. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் கையில் இருந்தது ஐந்து தந்தி கொண்ட மின்வாத்தியம், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காகவே தகவமைத்தது. புளூகிராஸ் மாண்டலினில் நான்கு ஜோடி, எட்டுத் தந்தி, வயலினைப் போலவே சுருதி. கானம் வாசிக்காத நேரத்தில் அதன் வேலை தாள வாத்தியத்தின் வேலை. புளூகிராஸில் பொதுவாக டிரம்ஸ் வைப்பதில்லை. நான்கு எண்ணினால் 1-லும் 3-லும் பாஸ், 2-லும் 4-லும் மாண்டலின். இடது கையை உடனே தளர்த்தி ஒலியை வெட்டிவிடுவதால் 'சக்' என்று ஒரு வறண்ட அடி கேட்கும். அதைச் சாப் என்கிறார்கள்.

சாப் அவருக்கு ஒரே மாதத்தில் வந்துவிட்டது, ஏனென்றால் பியானோ கொடுத்த தாளக் கட்டுப்பாடு அப்படி. வராதது பிரேக். பாட்டின் இரண்டு சரணங்களுக்கு நடுவில் ஒரு வாத்தியம் முன்வந்து தன் கற்பனையில் ஒரு சுற்று வாசிப்பதுதான் பிரேக். "என்ன வாசிப்பது என்று யாராவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு என் குரு எனக்குச் சொன்னதையே சொன்னேன்: பாடத் தெரியாததை வாசிக்காதே. பாட்டின் மெட்டை முதலில் வாயால் பாடுவது, பிறகு அதே மெட்டை ஒரு ஸ்வரம்கூட அலங்காரம் இல்லாமல் மாண்டலினில் வாசிப்பது, அதன் பிறகு ஒரு வரியின் முடிவில் மட்டும் ஏதாவது சேர்ப்பது. இந்த இசையில் மெட்டை அப்படியே வாசிப்பது குறைந்த பிரேக் அல்ல. கேட்பவர்களுக்குப் பாட்டு நினைவிருக்கிறது, அது வாத்தியத்தில் கேட்டால் அவர்கள் முகம் மலர்கிறது. வேகமாக ஓடிய விரல்களுக்கு இங்கே அவ்வளவு வரவேற்பு கிடைப்பதில்லை.

பாஸ் வாசிப்பவர் ஒரு நர்ஸ். பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தவர், தேவாலயப் பாடகர் குழுவில் சிறுமியாகச் சேர்ந்து இன்றுவரை பாடுகிறார். குழுவைத் தாங்குவது அவர்தான் என்பது என் உறுதியான கருத்து. பாஸ் நிதானமாக இருந்தால் மற்ற நான்கு பேரில் யார் தடுமாறினாலும் பாட்டு விழாது. புதிதாகக் குழு அமைப்பவர்கள் பாஞ்சோவையும் வயலினையும் தேடி அலைவதை விட்டு, நல்ல பாஸ் ஒருவரை முதலில் பிடியுங்கள்.

ஹார்மனியும் அவர் மூலம்தான் எங்களுக்கு வந்தது. புளூகிராஸில் பல்லவியை மூன்று குரல் சேர்ந்து பாடும். நடுவில் மெட்டு, அதற்கு மேலே டெனர், கீழே பாரிட்டோன். கிட்டார்க்காரர் மெட்டு, பாஸ் அம்மணி டெனர், பாரிட்டோன் என் தலையில் விழுந்தது. கர்நாடகக் காதுக்கு இதைவிடக் கடினமான வேலை வேறு இல்லை. பக்கத்தில் ஒருவர் மெட்டைப் பாடிக்கொண்டிருக்க, நம் குரல் தானாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஒரே ஸ்வரத்தில் சேர்வதைத்தான் நாம் அழகு என்று கற்றோம். அவர் சொன்ன வழி இது. மூன்று பேரும் சேர்ந்து ஒத்திகை பார்க்கக்கூடாது. மெட்டும் டெனரும் தனியாக, மெட்டும் பாரிட்டோனும் தனியாக, பிறகு மெட்டே இல்லாமல் டெனரும் பாரிட்டோனும் மட்டும். இந்த மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டால் பிறகு எதுவும் அசைக்காது. என் பங்குக்கு நான் கொண்டுவந்தது கார்வை. ஒரே கார்டில் மூன்று பேரும் மூச்சு முடியும்வரை நின்று, உரசல் அடங்கும்வரை காதால் சரிசெய்வது. தம்புராவோடு 'ஆ' என்று பாடிப் பழகும் அகார சாதகம் செய்தவர்களுக்கு அது கைவந்த கலை, மற்ற இருவருக்கும் அது புதிது.

இனி வயலின். கர்நாடக வயலினை ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்குச் சேர்ப்போம். ஃபிடில் (வயலினுக்கு இங்கே அந்தப் பெயர்) வழக்கமாக ஜி-டி-ஏ-ஈ. பாட்டு எந்தக் கீயில் இருந்தாலும் தந்தியைத் தொடாமல் விரல்தான் மாறவேண்டும். நம் ஷட்ஜம் ஒரு பாட்டில் திறந்த தந்தியில் இருக்கும், அடுத்த பாட்டில் மூன்றாம் விரலில். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஜி, டி, ஏ, சி நான்கிலும் சங்கராபரண ஆரோகண அவரோகணம், பிறகு மோகனம், தினமும். பழைய நடன மெட்டுகளில் பல மோகனத்துக்குள் அடங்கிவிடுவதால் அந்த உழைப்புக்கு உடனே பலன் தெரியும்.

தரையில் அமர்ந்து, சுருளைக் கணுக்காலில் ஊன்றி வாசித்த உடம்பு, நின்றுகொண்டு தாடையில் பிடிக்கப் பழகவேண்டும். நல்ல தோள் தாங்கி வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அமர்ந்து பிடிப்பதைப் போல இடது கை தந்தியில் சுதந்திரமாக வழுக்காது, ஆகவே நீண்ட ஜாருகள் குறைந்துவிடும். குறைவதும் இங்கே நல்லதுதான். கமகத்தை முழுதாக விட்டுவிடச் சொல்லவில்லை. புளூஸிலிருந்து வந்த காந்தாரம் ஒன்று இந்த இசையில் உண்டு, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் கீழிருந்து ஏறி நிற்கும். அதை நம் கை எடுப்பதுபோல் செவ்வியல் வயலின்காரர்களின் கை சுலபத்தில் எடுக்காது.

எனக்கு உண்மையில் வாசல் திறந்தது நோட்டுஸ்வரங்கள் வழியாக. முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேயப் படை வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் அமைத்தவை அவை. அவற்றில் சில ஸ்காட்லாந்து, அயர்லாந்து மெட்டுகள். அதே தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் வயலினோடு அப்பலாச்சியன் மலைகளுக்கும் வந்தார்கள். தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கற்று நம் மேடைக்குக் கொண்டுவந்தது ஏறத்தாழ அதே காலம். குழந்தைப் பாடமாக நான் வாசித்த நோட்டுஸ்வரத்தைக் கொஞ்சம் வில் மாற்றி வாசித்ததும் பாஞ்சோக்காரர் பேசாமல் கூட வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வில் மாற்றம் என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று திரும்பத் திரும்ப வரும் ஷஃபிள். நம் வில் சாகித்யத்தின் அசைகளைப் பின்பற்றும், இவர்கள் வில் ஆடுபவர்களின் காலைப் பின்பற்றும்.

பக்கவாத்தியப் பழக்கம்தான் எல்லாவற்றிலும் ஆழமாக ஊறியிருந்தது. கச்சேரியில் வயலின் பாடகரை நிழலாகத் தொடரும், அவர் பிடித்ததைப் பிடிக்கும். இங்கே பாடகர் வாய் திறந்திருக்கும்போது வயலின் ஒதுங்கவேண்டும். வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு ஸ்வரம், அவ்வளவே. அதிலும் இந்தச் சரணத்துக்கு மாண்டலின், அடுத்ததற்கு வயலின், மூன்றாவதற்கு பாஞ்சோ என்று முறை வைத்துக்கொள்ள வேண்டும். முறை இல்லாதவர்கள் தாளம் மட்டும் வாசிப்பார்கள் அல்லது சும்மா நிற்பார்கள். சும்மா நிற்கக் கற்ற மாதம்தான் எங்கள் குழு ஒரு குழுவாக ஒலிக்கத் தொடங்கியது.

குழு அமைப்பதற்கு முன் ஜாம் வட்டங்களுக்கு, அதாவது ஒத்திகை இல்லாமல் கூடி வாசிக்கும் இடங்களுக்கு, போவது நல்லது. நாங்கள் ஐவரும் சந்தித்ததே அப்படித்தான். வட்டமாக உட்காருவார்கள். பாட்டை எடுப்பவர் கீயைச் சொல்வார், வேகத்தைத் தொடங்கிவைப்பார், அடுத்த பிரேக் யாருக்கு என்று கண்ணாலோ தலையசைத்தோ காட்டுவார், முடிக்கப்போகிறார் என்றால் ஒரு காலைத் தூக்குவார். கார்டுகளைப் பெயரால் சொல்லாமல் எண்ணால் சொல்வது வழக்கம்: ஒன்று, நான்கு, ஐந்து. நமக்கு அது ச, ம, ப. கீ எதுவானாலும் உறவு மாறாது என்பதால் ஸ்வரம் பாடிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ராலேயில் 2013 முதல் 2024 வரை சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. மேடையைவிட ஓட்டல் கூடங்களிலும் தாழ்வாரங்களிலும் விடிய விடிய நடந்த ஜாம்களில் நான் கற்றது அதிகம். இப்போது விழா டென்னசியின் சட்டநூகாவுக்குப் போய்விட்டது. வர்ஜீனியாவில் கேலக்ஸ் ஊரின் பழைய ஃபிடில் மாநாடு 1935-லிருந்து நடக்கிறது. அங்கே கூடாரம் கூடாரமாக நடந்து கேட்டாலே போதும்.

வெள்ளையர் நிறைந்த வட்டத்தில் ஒரு தமிழன் வயலினோடு உட்கார்ந்தால் எப்படி நடத்துவார்கள் என்றும் கேட்கிறார்கள். எனக்கு மரியாதை குறைந்ததில்லை. பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவிலும் கையிலும் வந்த வாத்தியம். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத மெபேன் பகுதியில்தான் ஜோ தாம்சன் என்ற கறுப்பினக் கலைஞர் முதுமைவரை ஃபிடில் வாசித்தார். கிரீன்ஸ்பரோவில் பிறந்த இசைக்கலைஞர் ரியானன் கிடன்ஸும் அவர் தோழர்களும் தாம்சன் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொண்டார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு வட்டத்தில் உட்காருங்கள். இந்த இசைக்கு உழைத்தவர்கள் யார் யார் என்று தெரிவது வாசிப்புக்கே ஒரு கனம் கொடுக்கிறது.

மேடைக்கு ஒரே மைக் போதும். நடுவில் ஒரு கண்டென்சர் மைக்கை வைத்து ஐந்து பேரும் அரைவட்டமாக நிற்போம். பாடுபவர் நெருங்குவார், பிரேக் வாசிப்பவர் வரும்போது விலகுவார். ஒலி அளவைக் காலால் சரிசெய்வது இது. வீட்டு ஒத்திகையில் மைக் இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு நடையையும் சேர்த்துப் பழகுங்கள், இல்லாவிட்டால் பாஸின் கழுத்தும் வயலின் வில்லும் மோதிக்கொள்ளும். வெயிலில் வாசிப்பதானால் அரை மணி முன்பே பெட்டியைத் திறந்து நிழலில் வைத்து, மரம் பழகிய பிறகு சுருதி சேருங்கள். கிடைக்கும் பணத்தை ஐந்தாகப் பிரிக்கிறோம், பெட்ரோல் செலவை முதலில் கழித்துவிட்டு.

வயலின் ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் புது வாத்தியம் வாங்க வேண்டாம். நம் சுருதிக்குத் தளர்த்திக் கட்டிய பழைய தந்திகளைக் கழற்றிவிட்டு, ஜி-டி-ஏ-ஈக்குரிய ஸ்டீல் தந்தி ஒரு செட் போடுங்கள். வயலினின் தலைப்பகுதியில் கவ்விக்கொண்டு சுருதி காட்டும் ட்யூனர் ஒன்று வேண்டும், வட்டத்தின் இரைச்சலில் காதை மட்டும் நம்ப முடியாது. முதல் ஜாமில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, கிட்டார்க்காரரின் இடது கையைப் பார்த்துக்கொண்டு ச, ம, ப மூன்றை மட்டும் மெல்ல வாசியுங்கள். ஜி, சி, டி பிடிக்கும்போது அவர் விரல்கள் நிற்கும் வடிவம் ஓரிரு மாலைகளில் மனப்பாடமாகிவிடும். யாராவது உங்களைப் பார்த்துத் தலையசைத்தால் அது பிரேக்குக்கான அழைப்பு. தயாராக இல்லையென்றால் அடுத்தவரை நோக்கித் தலையசைத்து அனுப்பிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.